தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பணும்? ஒரு சாலையின் கதை

1/
"டாக்டர், புதன்கிழமை காலைல அப்பாவ திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போறோம். எத்தன மணிக்குக் கிளம்புனா டிராபிக்ல மாட்டாம போலாம்?"

வாரத்துக்கு நாலு பேராவது என்னிடம் கேட்கும் கேள்வி. பதில் ஒரே வரிதான்: காலை 5.30, இல்லாட்டி 9.45-க்கு மேல. ஆனா அந்த ஒரு வரிக்குப் பின்னால நூற்றாண்டுக் கணக்கில் கதை இருக்கு. கொஞ்சம் நீளமான இழை. ஒரு டீ போட்டுட்டு வந்து உட்காருங்க.

2/
வெளியூர்க்காரர்களுக்காக முதல்ல வரைபடம். மேற்கே மலை. அதன் அடியில் குற்றாலம், செங்கோட்டை. பக்கத்திலேயே தென்காசி. அங்கிருந்து கிழக்கே பாவூர்சத்திரம், ஆலங்குளம், சீதபற்பநல்லூர், பேட்டை, கடைசியில் திருநெல்வேலி டவுன். 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல. டவுன் தாண்டி, ஜங்ஷன் தாண்டி, தாமிரபரணியைக் கடந்தா பாளையங்கோட்டை. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அங்கேதான், ஹைகிரவுண்டில்.

3/
தென்காசின்னு ஏன் பேர் வந்துச்சு? கோயிலைக் கட்டியது 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன். ஊரில் சொல்லும் கதை இது: காசிக்கு நடந்து போன பக்தர்கள் பலர் போய்ச் சேராமலே வழியில் செத்துப் போனாங்க. சிவன் ராஜா கனவில் வந்து, "இவங்க அங்க வர வேண்டாம், எனக்கு இங்கயே ஒரு கோயில் கட்டு"ன்னு சொன்னாராம்.

கதையோ நிஜமோ, இதை மனசுல வச்சுக்கோங்க. பயணத்தை எளிதாக்க வழி தேடாம, பயணமே தேவையில்லாமச் செய்த ஊர் இது. கடைசியில் இதுக்குத் திரும்பி வருவேன்.

4/
அடுத்து பாவூர்சத்திரம். பேரிலேயே சத்திரம் இருக்கு. நடந்தும் மாட்டுவண்டியிலும் போன காலத்தில், இருட்டினா தங்க, பசிச்சா சாப்பிட ஒரு இடம். 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் பேரைச் சொல்லும் சாலைகளும் சத்திரங்களும் தென்மாவட்டங்கள் முழுக்க இருக்கு. அன்றைக்கு 'எத்தன மணிக்குக் கிளம்பணும்'னு யாரும் கேட்கலை. 'எந்தச் சத்திரத்துல ராத்தங்கணும்' என்பதுதான் கேள்வி.

5/
மாட்டுவண்டி மணிக்கு மூணு, நாலு கிலோமீட்டர் போகும். தென்காசியிலிருந்து நெல்லைக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாது. பகல் வெயிலில் மாடு தாங்காது. அதனால சாயங்காலம் பூட்டி, ராத்திரி முழுக்க ஓட்டி, விடிஞ்சதும் அவிழ்ப்பாங்க. அவங்க திட்டம் போட்டது வெயிலை வச்சு. கூட்டத்தை வச்சு இல்லை.

6/
ஒரு டாக்டரா எனக்கு இங்கே ஒரு சந்தேகம் வரும். 1809, 1810, 1811 ஆகிய மூணு வருஷமும் கோயம்புத்தூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி சீமைகளில் ஒரு கொடிய காய்ச்சல் பரவியது. அதை விசாரிக்க மதராஸ் அரசாங்கம் ஒரு கமிட்டி போட்டது. அதில் இருந்தவர்களில் ஒருவர் வில்லியம் ஐன்ஸ்லி என்ற மருத்துவர். அறிக்கை 1816-ல் அச்சானது. காலம் தப்பிய மழை, தேங்கிய தண்ணீர், சதுப்பு நிலத்து விஷக்காற்று என்று காரணம் தேடினார்கள்.

7/
கொசுதான் மலேரியாவைப் பரப்புதுன்னு ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தது 1897-ல். ஐன்ஸ்லி கமிட்டி விவரித்த காய்ச்சலில் பெரும்பங்கு மலேரியாவாத்தான் இருக்கணும். மலேரியா கொசு கடிப்பது பொழுது சாஞ்சதிலிருந்து விடியும் வரை. அதாவது, வெயிலுக்குப் பயந்து ராத்திரியில் மலையடிவாரத்தைக் கடந்த வண்டிக்காரர், கொசுவின் பீக் அவருக்குள்ளேயே போய் விழுந்திருப்பார். ஒன்றைத் தவிர்க்கப் போட்ட திட்டம் இன்னொன்றில் கொண்டு மாட்டிவிடும். பயணத் திட்டத்தில் இது பழைய நோய்.

8/
இதே மலையடிவாரத்துக்கு ஆரோக்கியம் தேடியும் கூட்டம் வந்தது. ஜூனில் சாரல் ஆரம்பிச்சா, பாளையங்கோட்டை வெள்ளைக்கார அதிகாரிகள் குடும்பத்தோட குற்றாலம் வந்துடுவாங்க. பங்களாக்கள் எழும்பின. கம்பெனி அங்கே கிராம்பு, ஜாதிக்காய், லவங்கப்பட்டை தோட்டம் போட்டுப் பார்த்தது. ஆக, இந்தச் சாலையில் சீசன் டிராபிக் 200 வருஷப் பழசு. நம்ம வாட்சப்பில் 'ஐந்தருவில தண்ணி விழுதா'ன்னு கேட்கிறதுக்கு ரொம்ப முந்தியது.

9/
இப்போ சாலையின் கிழக்கு முனைக்குப் போவோம். நெல்லை வட்டாரத்தின் முதல் 'ஆபீஸ் டைம் டிராபிக்' எங்கேன்னு என்னைக் கேட்டா, நான் சாலையைக் காட்ட மாட்டேன். ஆற்றைக் காட்டுவேன்.

திருநெல்வேலியில் கடையும் கோயிலும். எதிர்க்கரையில் பாளையங்கோட்டையில் கோட்டையும் அதிகாரமும். நடுவே தாமிரபரணி. பாலம் கிடையாது. படகில்தான் தாண்டணும். படகுத்துறையில் இடம் பிடிக்கத் தள்ளுமுள்ளு, அடிதடி என்று உள்ளூர் வரலாறு சொல்லும்.

10/
1840-களின் தொடக்கத்தில் கலெக்டர் தாம்சன் பாலம் கட்ட முடிவு செய்தார். வரைபடம் போட்டவர் ஹார்ஸ்லி என்ற பொறியாளர். மதிப்பீடு அரை லட்சம் ரூபாய். யார் கொடுப்பது? கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார், ஜனங்களிடம் வசூல் பண்ணப் போகாமல் தன் சொத்திலிருந்தே கொடுத்தார். 1843 நவம்பரில் திறந்தார்கள். 11 வளைவுகள். இன்னைக்கும் அந்தப் பாலத்துக்கு அவர் பேர்தான்.

11/
எனக்கு இதில் பிடித்தது என்னன்னா, அன்றைக்கு யாரும் படகுக்காரரிடமும் பயணியிடமும் "சீக்கிரம் கிளம்பி வாங்க, கூட்டம் இருக்காது"ன்னு புத்தி சொல்லி முடிச்சுக்கலை. இடுக்கு எங்கேன்னு பார்த்து, அதைத் திறந்துவிட்டாங்க. தென்காசியிலிருந்து ஹைகிரவுண்டுக்குப் போகும் ஆம்புலன்ஸ் இன்றைக்கும் அந்த மனுஷன் காசில் உருவான கடவு வழியாத்தான் ஆற்றைத் தாண்டுது.

12/
அடுத்த பெரிய மாற்றம் ரயில். 1904-ல் தென்னிந்திய ரயில்வே திருநெல்வேலி, செங்கோட்டை, கொல்லம் என்று மலையைக் குடைந்து மீட்டர் கேஜ் பாதையை முடித்தது. தென்மலை பக்கத்தில் இருக்கும் 13 கண் பாலம் அந்த வேலைதான். 15 மணி நேர வண்டிப் பயணம் சில மணி நேரமாச்சு. அதைவிட முக்கியம், ஊர்களுக்குள் கடிகாரம் வந்துச்சு. 'விடியக்கருக்கல்ல கிளம்புவோம்' போய், 'ஏழு மணி வண்டி'ன்னு பேச ஆரம்பிச்சாங்க.

13/
இங்கேதான் இன்றைய நெரிசலுக்கான விதை இருக்கு. ரயில் பாதை நேரா ஆலங்குளம் வழியாப் போகலை. பாவூர்சத்திரத்தில் தெற்கே திரும்பி கீழக்கடையம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி என்று ஆற்றங்கரை நெல்வயல் ஊர்களைத் தொட்டுக்கிட்டுப் போச்சு. பணமும் நெல்லும் அங்கேதானே இருந்தது. புன்செய் காடான ஆலங்குளத்துக்கு ஸ்டேஷன் கிடைக்கலை. இன்னைக்கும் இல்லை.

14/
விளைவு? ஆலங்குளம் சுற்று வட்டாரத்தில் படிக்கிற பிள்ளை, பீடிக்கடைக்குப் போற அக்கா, ஆபீஸ் போற சார், எல்லாருக்கும் பஸ், பைக், வேன்தான். ஒரே சாலை. அதுல பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு வர்ற லோடு வண்டிகளும், கேரளாவுக்குப் போற லாரிகளும் சேர்ந்துக்கும். பாவூர்சத்திரத்தில் அதே சாலையைத் தண்டவாளம் குறுக்கே வெட்டும். காலையில் ரயிலில் போறவங்களுக்காக கேட் போட்டா, சாலையில் போறவங்க நிப்பாங்க.

15/
போகிற திசையும் ஒன்றுதான். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. அப்புறம் நம்ம மாவட்டத்தோட சேர்ந்தது. அவங்களும் கலெக்டரைப் பார்க்கணும்னா கொக்கிரகுளம் வரணும். 1965-ல் மருத்துவக் கல்லூரி வந்தது. அதுவும் கிழக்கே. காலேஜ், கோர்ட்டு, பெரிய ஆஸ்பத்திரி எல்லாம் சாலையின் ஒரே முனையில். காலையில் கிழக்கே, சாயங்காலம் மேற்கே. திங்கட்கிழமை இன்னும் மோசம். மனு கொடுக்கும் நாள்.

16/
இப்போ என் கதை. பல வருஷம் முன்னாடி. ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி முடியும் நேரம். 52 வயசுக்காரர், நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வந்தார். ஈ.சி.ஜி. பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு, பெரிய மாரடைப்பு. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி அன்னைக்கு அங்கே இருப்பு இல்லை. அஸ்பிரின் கொடுத்து, ஆம்புலன்ஸில் ஏத்தி, நானும் கூடவே ஏறினேன். மணி 8.05.

17/
அன்றைக்கு வார நாள். முதல்ல ஒரு ரயில்வே கேட். 12 நிமிஷம். அடுத்து ஒரு பஸ் ஸ்டாண்டு முன்னால ஸ்கூல் வேன்கள் வரிசை. சைரன் போட்டும் ஒதுங்க இடம் இருந்தாத்தானே ஒதுங்குவாங்க? அவர் மனைவி என் கையைப் பிடிச்சு, "சார், இன்னும் எவ்ளோ நேரம் சார்?"னு கேட்டுக்கிட்டே வந்தாங்க. டிரைவர் அண்ணாச்சி திரும்பிப் பார்க்காமச் சொன்னார்: "ஏழு மணிக்குக் கிளம்பிருந்தா இந்நேரம் சேந்துருப்போம் டாக்டரே."

18/
போய்ச் சேரும்போது 9.55. ஒரு மணி 50 நிமிஷம். ஆள் பிழைச்சார். ஆனா இதயத் தசையில் பெரும்பகுதி போயிடுச்சு. அதுக்கப்புறம் மாடி ஏறினா மூச்சு வாங்கும். கொத்தனார் வேலை பார்த்தவர், கடைசி வரைக்கும் சாரம் ஏறவே இல்லை.

அண்ணாச்சி சொன்னது தப்பில்லை. ஆனா மாரடைப்பு 7 மணிக்கு வரணுமா 8 மணிக்கு வரணுமான்னு யார் திட்டம் போட முடியும்? அன்னைக்கிலிருந்துதான் இந்தச் சாலையைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன்.

19/
படிச்சதில் ஒருத்தர் மனசில் நின்னார். வில்லியம் விக்ரி, அமெரிக்கப் பொருளாதார அறிஞர். 1969-ல் ஒரு கட்டுரையில் சொன்னார்: ஒரே நேரத்தில் எல்லாரும் போய்ச் சேரணும்னு நினைச்சா, குறுகலான இடத்தில் வரிசை உருவாகும். அப்போ ஒவ்வொருத்தரும் ஒரு விலை கொடுக்கிறாங்க. வரிசையில் நிற்பவர் காத்திருப்பாக் கொடுக்கிறார். முன்னாடியே கிளம்புபவர் தூக்கமாக் கொடுக்கிறார். விலை இல்லாத நேரம் எதுவும் இல்லை. 1996-ல் அவருக்கு நோபல் அறிவிச்சாங்க. மூணே நாளில் காலமாகிவிட்டார்.

20/
விக்ரி சொன்னதை நம்ம ஊருக்குப் பொருத்திப் பாருங்க. 5.30-க்குக் கிளம்பச் சொல்றேனே, அந்த விலையை யார் கொடுக்க முடியும்? கார் வச்சிருப்பவர் கொடுப்பார். கிராமத்திலிருந்து முதல் பஸ்ஸே ஆறரைக்குத்தான்னு இருக்கும் பாட்டி? சோறு பொங்கி, பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பிட்டுத்தான் கிளம்ப முடிகிற அம்மா? அவங்க எட்டு மணிக் கூட்டத்தில் நிற்பது திட்டம் தெரியாமல் இல்லை.

21/
கடந்த 15 வருஷத்தில் நாலு விஷயம் மாறியிருக்கு.
ஒன்று, அகலப்பாதை. திருநெல்வேலி, செங்கோட்டை பாதை 2012-ல் திரும்ப ஓட ஆரம்பிச்சது. மலைப்பாதை 2010-ல் மூடி 2018-ல் திறந்தது.
ரெண்டு, 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டம். மனு கொடுக்க இனி கொக்கிரகுளம் போக வேண்டாம். காலையில் மேற்கே வரும் கூட்டமும் உருவாச்சு.
மூணு, நாலுவழிச்சாலை. நாலு, 2008-ல் வந்த 108 ஆம்புலன்ஸ் இப்போ எல்லாருக்கும் பழகிப்போச்சு.

22/
நாலுவழிச்சாலை ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில், சென்னை கன்னியாகுமரி தொழில்தடத் திட்டத்தில் வந்தது. பாவூர்சத்திரத்தில் தண்டவாளத்துக்கு மேல் பாலம் வேணும்னு ஜனங்க ரொம்ப நாளாக் கேட்டதும் இதோட சேர்ந்தது. நிழல் கொடுத்த மரங்கள் போச்சு. வலிச்சது. ஆனா நடுவழி வேகமாச்சு என்பதும் உண்மை.

ஒன்று மட்டும் மாறலை. அகலமான சாலை கொண்டுபோய் விடுவது பேட்டைக்கும் டவுனுக்கும். அங்கிருந்து ஜங்ஷனில் 1973-ல் திறந்த திருவள்ளுவர் ஈரடுக்குப் பாலம், அப்புறம் சுலோசன முதலியார் பாலம். ஒரு ரத்தக்குழாயில் நடுவில் இருந்த அடைப்பை நீக்கினாலும் முனையில் அடைப்பு இருந்தா ரத்தம் அங்கே நிற்கும். அதே கணக்கு.

23/
சரி, கேட்ட கேள்விக்கு விரிவான பதில். வார நாள், தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்கு, என் அனுபவத்தில்:
5.30: நிம்மதி. ஏழு மணிக்குள் டவுன்.
6.30: சாலை பரவாயில்லை, டவுனில் லேசா நிப்பீங்க.
7.15 முதல் 9.30 வரை: வேண்டாம். ஸ்கூல் வேன், காலேஜ் பஸ், ஆபீஸ் எல்லாம் ஒண்ணா.
9.45-க்கு மேல: நல்லா போகலாம்.
குற்றாலத்தில் தங்கியிருந்தா 20 நிமிஷம் கூட்டிக்கோங்க. முகூர்த்த நாளா இருந்தா இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

24/
சீக்கிரம் கிளம்புறவங்களுக்கு மூணு எச்சரிக்கை.
சுகர் மாத்திரையோ இன்சுலினோ போட்டுட்டு, 'போற வழில சாப்பிட்டுக்கலாம்'னு கிளம்பாதீங்க. வழியில் சுகர் இறங்கி மயங்கினவங்களைப் பார்த்திருக்கேன். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கணும்னா மாத்திரையைக் கையில் எடுத்துட்டுப் போங்க. ரத்தம் கொடுத்துட்டு, சாப்பாட்டோட போடுங்க. உங்க டாக்டரிடம் முதல் நாளே கேட்டுக்கோங்க.
ராத்திரி அஞ்சு மணி நேரமாவது தூங்காதவர் ஓட்டக் கூடாது.
விடியற்காலை மூணு, நாலு மணிக்குக் கிளம்புவது டிராபிக்குக்கு நல்லது, கண்ணுக்கு ஆகாது. உடம்பு தூக்கம் கேட்கிற நேரம் அது. மாட்டுவண்டிக்காரர் கொசுவிடம் மாட்டின கதைதான்.

25/
நெஞ்சுவலிக்கு மட்டும் மேலே சொன்ன அட்டவணை கிடையாது. 'கூட்டம் குறையட்டும், பத்து மணிக்குப் போவோம்'னு காத்திருக்காதீங்க. சொந்தக் காரில் நேரா திருநெல்வேலிக்கு ஓட்டவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்க. முடியாட்டி பக்கத்தில் ஈ.சி.ஜி. எடுக்கும் ஆஸ்பத்திரிக்கு முதல்ல போங்க.

ரெண்டு மணி நேரத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி செய்ய முடியாதுன்னா, தகுந்தவர்களுக்குக் கட்டி கரைக்கும் ஊசியை அங்கேயே உடனே போடணும் என்பதுதான் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல். ஊசி போட்டதும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். கட்டி கரைஞ்சவர்களுக்கு ஆஞ்சியோகிராம் செய்ய 2 முதல் 24 மணி நேரம் வரை அவகாசம் உண்டு.

26/
யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு எட்டு மணிக்கு அந்த ஊசி கையில் இருந்திருந்தா, ரயில்வே கேட்டும் ஸ்கூல் வேனும் அந்தக் கொத்தனாரோட இதயத்தை இவ்வளவு தின்னிருக்காது. ஒரு மணி 50 நிமிஷப் பயணம் அதே ஒரு மணி 50 நிமிஷமா இருந்திருக்கும். ஆனா அது வெறும் தாமதம். தசை போகும் நேரம் இல்லை.

27/
பராக்கிரம பாண்டியன் கதைக்கு வர்றேன்னு சொன்னேன்ல? காசி போகும் வழியில் ஜனங்க சாகிறாங்கன்னா, சாலையை அகலமாக்கலாம், சத்திரம் கட்டலாம், சீக்கிரம் கிளம்பச் சொல்லலாம். எல்லாம் தேவைதான். ஆனா இந்த ஊர் தன் பேரிலேயே வேறொரு பதிலையும் வச்சிருக்கு: காசியை இங்கே கொண்டு வா.

ஒவ்வொரு தாலுகா ஆஸ்பத்திரியிலும் அந்த ஊசி எந்நேரமும் இருப்பு இருக்கான்னு கேளுங்க. உங்க ஊர் கிராம சபையில் கேளுங்க, மனு நாளில் கேளுங்க. இப்போ அதுக்குத் தென்காசி வரை போனாப் போதும்.

28/
புதன்கிழமை அப்பாவைக் கூட்டிட்டுப் போற தம்பிக்கு: உங்களுக்கு இருப்பது வழக்கமான செக்கப். அவசரம் இல்லை. அப்பாவை நல்லாத் தூங்க விடுங்க. இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டு, 5.30-க்கு முடியலைன்னா 9.45-க்கே கிளம்புங்க. மதியத்துக்கு அப்பாயின்ட்மென்ட் மாத்திக் கேட்டா பெரும்பாலும் கொடுப்பாங்க. ஆலங்குளம் தாண்டும்போது பின்னால சைரன் கேட்டா மட்டும், தயவுசெஞ்சு முதல் ஆளா ஒதுங்குங்க.